பெருவிரலுக்கு ஒரு ஓட்டு

மாசிலாமணிக்கு ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவில் இடம் கிடைத்ததற்கு ஒரே காரணம் அவருக்கு மருத்துவம் தெரியாது என்பதுதான். இதை யாரும் மறைக்கவில்லை. 'அறிவியல் சாராத உறுப்பினர்' என்று மருத்துவமனை பச்சையாகவே எழுதி அனுப்பியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் டாக்டர்கள். ஒரு வக்கீல் உண்டு, கணக்குப் போட ஒரு புள்ளியியல்காரர் உண்டு. நோயாளிகளை வைத்துச் செய்யப்போகும் ஆராய்ச்சி ஒவ்வொன்றும் ஆளைக் கொல்லுமா, ஏமாற்றுமா, வீணாய் அலைக்கழிக்குமா என்று மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து ஓட்டுப் போட வேண்டும். டாக்டர்களை டாக்டர்களே பார்த்துக்கொண்டால் ஊர் நம்புமா? அதனால் தெருவில் போகிற ஆள் ஒருவரும் கூட இருக்க வேண்டும் என்று விதி. அந்த ஆள் மாசிலாமணி. சம்பளம் கிடையாது, தொண்டு. சாப்பாடு உண்டு.

வேறு யாராவது என்றால் ரோஷப்பட்டிருப்பார்கள். மாசிலாமணி பூரித்துப்போனார். அவருடைய அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதுகு வளைய மூட்டை தூக்கியவர். இவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் சாரம் கட்டி, பிறகு சாரம் கட்டுகிறவர்களை மேய்த்து, ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க 'டேய்', 'ஓய்', இல்லாவிட்டால் மேலே இருந்து விழும் கம்பி, இவைதாம் அவரை அழைத்தவை. இங்கே குளிர்சாதன அறையில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார வைத்து 'மிஸ்டர் மாசிலாமணி' என்கிறார்கள். பூன் லே கோப்பிக் கடையில் "நாளைக்கு ஆஸ்பத்திரில மீட்டிங் லா, எனக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்காகவே அவர் மாதா மாதம் அங்கே போய் உட்காருவார்.

குழுவில் அவருக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத் தாள்களை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு ஆராய்ச்சியும் பேசி முடிந்ததும் தலைவர் டாக்டர் ஆங் அவர் பக்கம் திரும்புவார். "மிஸ்டர் மாசிலாமணி, சாதாரண மனிதருக்கு இது புரியுமா?"

"புரியும் டாக்டர்" என்பார் மாசிலாமணி, சாதாரண மனிதர் சார்பில். அடுத்த ஆராய்ச்சிக்குப் போவார்கள்.

இந்தப் பெருமைக்காக அவர் தோல் சப்பாத்து ஒன்று வாங்கியதுதான் வினை. ஆயுள் முழுக்கப் பட்டறைப் பூட்ஸும் ரப்பர் செருப்புமாகத் திரிந்த காலுக்குக் கறுப்புப் பளபளப்பு. சிராங்கூன் ரோட்டுக் கடையில் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் இறுக்கம்தான். கனவான்கள் சப்பாத்து இறுக்கமாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். சர்க்கரை நோய் அவர் பாதத்தை எப்போதோ மரக்கட்டையாக்கி இருந்தது. இடது பெருவிரலைச் சப்பாத்து கடித்ததே தெரியவில்லை. தெரிந்தபோது காலுறையில் ஈரம்.

கொப்புளம் புண்ணாயிற்று. புண் பள்ளமாயிற்று. பிறகு நாறத் தொடங்கிற்று.

டாக்டரிடம் போயிருக்கலாம். டாக்டர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற மனிதர், ஒருவரிடம் மெல்லக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணம் ராமலிங்கம். பட்டறையில் கூட வேலை செய்த ராமலிங்கமும் இப்படி ஒரு விரலோடுதான் ஆஸ்பத்திரிக்குள் போனார். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு முட்டிக்குக் கீழே. கடைசியாக முட்டியும் போயிற்று. மனிதர் தவணை முறையில் செத்தார். பெருவிரலைப் பார்க்கும்போதெல்லாம் மாசிலாமணிக்கு ராமலிங்கத்தின் மடித்துக் குத்திய கால்சட்டைதான் நினைவுக்கு வந்தது. உடனே காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

வீட்டில் சுசீலாவுக்கு மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. அவர் அலமாரியை நகர்த்திப் பார்த்தார், குளிர்ப்பெட்டியை இழுத்துப் பார்த்தார்.

"எங்கயோ எலி செத்துக் கெடக்குதுங்க."

"எட்டாவது மாடிக்கு எலி எப்படிடி வரும்?"

"லிஃப்ட்ல வந்திருக்கும். நீங்க மட்டும் வரல?"

மாசிலாமணி கோடாரித் தைலத்தை எடுத்துக் காலில் கொட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் தலைவலித் தைலம் பூசிய எலி செத்த வாசம் வந்தது.

இந்த நிலையில்தான் அந்த ஆராய்ச்சி வந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஒரு புதிய களிம்பு. விரால் மீனின் வழுவழுப்பிலிருந்து எடுத்ததாம். படித்ததும் மாசிலாமணி நாற்காலியில் நிமிர்ந்தார். அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் சூப் வைத்துக் கொடுப்பது இந்த ஊரில் சீனருக்கும் தெரியும், மலாய்க்காரருக்கும் தெரியும். கத்தியில்லை, வெட்டில்லை, பூசிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கிடைத்ததும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இடைஞ்சல் ஒன்று இருந்தது. ஆராய்ச்சியில் சொந்த நலன் உள்ள உறுப்பினர் அதை வாய்விட்டுச் சொல்லி, எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் ஓட்டுப் போடக் கூடாது. அதுவும் விதிதான். ஆனால் அறிவியல் சாராத உறுப்பினர் ஒருவராவது அறையில் இல்லாவிட்டால் ஓட்டே செல்லாது. இதுவும் விதி. அப்படிப்பட்டவர்கள் குழுவில் இரண்டே பேர். இன்னொருவர், டன்லப் ஸ்திரீட்டில் பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கடையை மொய்க்கிறார்கள் என்று இந்த மாதம் வரமுடியாது எனச் சொல்லிவிட்டார்.

ஆக, மாசிலாமணி யோக்கியனாக எழுந்து போனால் கூட்டம் படுத்துவிடும். ஆராய்ச்சி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதுவரை விரல் தாங்குமா? ஊரிலுள்ள அத்தனை கால் புண்காரர்களின் நன்மைக்காகவும் தான் வாயை மூடிக்கொண்டிருப்பதே நெறி என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இவ்வளவு உயர்ந்த முடிவுக்கு வர அவருக்கு ஒரு கோப்பி குடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

கூட்டத்தன்று குழுவின் செயலாளர் முனீரா வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"அங்கிள், கோடாரித் தைலத்துலயா குளிச்சீங்க?"

"சளிம்மா." பேச்சை மாற்றினார். "அது கெடக்கட்டும். அந்த விரால் களிம்பு இருக்குல்ல, பாதிப் பேருக்கு நெசக் களிம்பு, பாதிப் பேருக்கு டூப்புன்னு போட்டிருக்கே. யாருக்கு எதுன்னு யாரு முடிவு பண்றது?"

"கம்ப்யூட்டர் அங்கிள். சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி."

"கம்ப்யூட்டர்கிட்டச் சொல்றதுக்கு ஆள் யாரும் இல்லியா?"

முனீரா சிரித்தாள். அங்கிள் எப்போதும் இப்படித்தான் தமாஷ் பண்ணுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் தொடங்கியதும் டாக்டர் ஆங் வழக்கம்போல், "இன்றைய ஆராய்ச்சிகளில் யாருக்காவது சொந்த நலன் உண்டா?" என்று கேட்டார். மாசிலாமணி மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் லேபிளை வாசித்தார்.

விரால் களிம்பின் முறை வந்தது. கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பட்டறையில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மாசிலாமணியும் சமாளித்துவிடுவார். சுருக்கமாய் முடிந்துவிடும் என்றுதான் அவர் நினைத்தார். களிம்பில் விஷம் இல்லை, பணம் கொடுத்து ஆள் பிடிக்கவில்லை, ஊசிகூடக் கிடையாது. ஆனால் படித்தவர்கள் கூடினால் ஓர் ஓட்டை கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பார்களா?

வக்கீல் ஆரம்பித்தார். "சைவ உணவுக்காரர்கள் காலில் மீனைப் பூசலாமா? அதை விளக்கத் தாளின் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டாமா?"

டாக்டர் ஆங் மாசிலாமணியைப் பார்த்தார். இந்தியர் சம்பந்தமான எல்லாமே அவரிடம்தான் வரும். "மிஸ்டர் மாசிலாமணி, இந்துக்களுக்கு இது மனவருத்தம் தருமா?"

"டாக்டர், புண்ணு சாப்பிடாது. பூசிக்கும். அவ்வளவுதான்."

டாக்டர் வைதேகி கையை உயர்த்தினார். சென்னையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சர்க்கரை நோய் நிபுணர். "நான் சைவம். என் காலில் மீனைப் பூசுவதென்றால் என்னிடம் முதலில் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அல்ல."

டாக்டர் ஆங் அடுத்து முனீராவைப் பார்த்தார். அவள் அவர் கேட்பதற்கு முன்பே, "மீனுக்கு ஹலால் பிரச்சினை இல்லை டாக்டர். போன வருஷமும் கேட்டீங்க" என்றாள்.

இப்போது புள்ளியியல்காரருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. உண்மைக் களிம்பில் மீன் வாடை வரும். போலிக் களிம்பில் வராது. அப்படியானால் யாருக்கு எது கிடைத்தது என்று நோயாளி மோந்தே கண்டுபிடித்துவிடுவாரே? ஆகவே போலிக் களிம்பிலும் மீன் வாடை சேர்க்க வேண்டும்.

மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. "அப்ப பாதிப் பேருக்கு வெறும் மீன் வாடைய மட்டும் பூசி அனுப்புவீங்களா? மருந்தும் இல்லாம, நாத்தம் வேறயா?"

"அவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு" என்றார் புள்ளியியல்காரர். "களிம்பு வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டால்தானே தெரியும்?"

"வேல செய்யுமான்னு பாக்கணும்னா எல்லாருக்கும் குடுத்துப் பாருங்களேன்."

புள்ளியியல்காரர் பொறுமையாக விளக்கினார். அது பிசகில்லாத விளக்கம்தான். மாசிலாமணி தலையாட்டிக்கொண்டே, மேசைக்கடியில் வலது காலால் இடது சப்பாத்தைத் தடவிப் பார்த்தார். காலையில் போட்ட கட்டு ஊறியிருந்தது. கோடாரித் தைலம் தோற்றுக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி வக்கீல் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கோழி கெட்டுப்போய்விட்டதா என்று குனிந்து மோந்து பார்த்தார்.

டாக்டர் ஆங் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்விகள். சைவ விஷயத்தையும் வாடை விஷயத்தையும் ஆராய்ச்சியாளர்கள் திருத்திக்கொண்டு வரட்டும். அடுத்த மாதம் பார்ப்போம்."

"அடுத்த மாசமா?" மாசிலாமணி எழுந்தேவிட்டார். "மீனு நாறுதா நாறலயான்னு நீங்க அடுத்த மாசம் பேசுவீங்க! அதுவர என் வெரல் இருக்குமா?"

மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. வாயிலிருந்து போனதைப் பிடித்திழுக்க முடியாமல் மாசிலாமணி நின்றார்.

"மிஸ்டர் மாசிலாமணி," என்றார் டாக்டர் ஆங் மெதுவாக, "சொல்ல வேண்டிய சொந்த நலன் ஏதாவது இருக்கிறதா?"

"இருக்கு டாக்டர்."

"எங்கே?"

"சப்பாத்துக்குள்ள."

வக்கீல் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, கோழியின் மேல் குற்றமில்லை என்று.

"நீங்கள் வெளியே போக வேண்டும்" என்றார் டாக்டர் ஆங்.

"அவர் போனால் எந்த முடிவும் செல்லாது டாக்டர்" என்றாள் முனீரா. "திருப்பி அனுப்புகிற முடிவுகூட."

மருத்துவப் பட்டங்கள் அத்தனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் இல்லாமல் அவர்களால் நகர முடியவில்லை. வேறு சமயமாக இருந்தால் மாசிலாமணி இதைக் கோப்பிக் கடையில் ஒரு வாரம் சொல்லி மகிழ்ந்திருப்பார். டாக்டர் ஆங் இடைவேளை விட்டார். முனீரா கைப்பேசியை எடுத்துக்கொண்டு கையூமைத் தேடினாள்.

தாழ்வாரத்து நாற்காலியில் மாசிலாமணி உட்கார்ந்ததும் வைதேகி கையுறை மாட்டிக்கொண்டு வந்து எதிரே குந்தினார்.

"கழட்டுங்க சார்."

"வேணாம் டாக்டர், நாறும்."

"நாறுதுன்னு எப்பவோ தெரியும். காலைலேர்ந்து உங்க பக்கத்து ஆள் கோழியைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கார். கழட்டுங்க."

கழற்றினார். வைதேகி கட்டைப் பிரித்தார். கீழே வார்டிலிருந்து தருவித்த மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டார். மாசிலாமணிக்கு வலிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கம்பி உள்ளே போய் எதிலோ டொக்கென்று தட்டிற்று. கப்பல் தகட்டில் சுத்தியல் விழும் சத்தத்தைக் கேட்டே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுகிற மனிதருக்கு, இது சதையில்லை என்று தெரியாமல் இருக்குமா?

"எலும்பு" என்றார் வைதேகி. "இன்னிக்கே அட்மிஷன். இந்த விரல் நிக்காது சார்."

"அந்தக் களிம்பு..."

"உங்களுக்கு இல்ல."

"இப்பவே ஓட்டுப் போட்டாங்கன்னா?"

"நாளைக்கே ஆரம்பிச்சாலும் உங்களைச் சேர்க்க மாட்டாங்க. எலும்பைத் தொட்ட புண்ணுக்கு அது இல்ல. யார் யார் சேரக்கூடாதுங்கிற இடத்துல முதல் வரியே அதுதான். நீங்க படிக்கலையா?"

"படிச்சேன் டாக்டர்."

"புரியலையா?"

மாசிலாமணி தன் விரலைப் பார்த்தார். எவ்வளவு நாளாயிற்று அதை நேராகப் பார்த்து? "நல்லாப் புரிஞ்சுது. அது வேற எவனுக்கோன்னு நெனச்சேன்."

வைதேகி திட்டியிருந்தால் தேவலை. அவர் குனிந்து புதுக் கட்டுப் போட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணிக்குக் கண் கலங்கிற்று. கோடாரித் தைலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கூட்ட அறைக்குள்ளிருந்து கையூமின் குரல் கணினி வழியே கொப்பளித்தது. "ஹலோ, ஹலோ, கேக்குதா? மாசிலா எங்க? என்னது, சொந்த நலனா? மீனுக்கும் அவனுக்கும் என்ன சொந்தம்? ஒரு நிமிஷம். தம்பி, அந்தப் பச்சப் பெட்டிய இழுக்காத, சக்கரம் கழண்டுரும்!" முனீரா ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

தகவல் தெரிந்து சுசீலா வார்டுக்கு வந்தபோது பிற்பகல். பூன் லேயிலிருந்து வரும் வழியெல்லாம் அழுதிருந்தார். கட்டிலில் கணவர் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் அழுகை நின்று வாய் திறந்தது.

"செத்த எலி நீங்கதானா? வீட்டுல ஒரு சாமான் விடாம நகர்த்தினேனே, இடுப்பு ஒடிஞ்சுதே! ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"பயந்துட்டேன் சுசீ."

"யாருக்கு?"

"ராமலிங்கத்துக்கு."

"அவரு செத்து எவ்ளோ நாளாச்சு! அவரா வந்து வெட்டப்போறாரு?"

"அவருக்கும் மொதல்ல வெரல் மட்டும்னுதான் சொன்னாங்க."

சுசீலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வெரல எடுத்து வீட்டுக்கு வந்த அன்னிக்கே ராமலிங்கண்ணன் எங்க போனாரு, சொல்லுங்க? கோப்பிக் கடைக்கு. கெட்டிப் பால் ஊத்தி கோப்பி, கூட ரெண்டு கறிபஃப். டாக்டர் எடுத்தது ஒரு வெரல். மிச்சக் கால அவரே தின்னு தீர்த்தாரு. எல்லாத்துக்கும் நீங்கதான் எதுத்தாப்ல உக்காந்து கம்பெனி குடுத்தீங்க."

மாசிலாமணி போர்வையைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போது கைப்பேசி அடித்தது. கையூம்தான். "மாசிலா, முடிவு என்னன்னு கேக்காத. நான் சொல்லக்கூடாது, நீ வெளிய போன ஆளு."

"நான் கேக்கல பாய். எனக்கு அது ஆகாதுன்னுட்டாங்க."

"ஆகாதா?" கையூமின் குரல் இறங்கிற்று. "சரி விடு. நல்லபடியா முடியட்டும். நான் கடைய அடைச்சிட்டு வந்து பாக்கறேன். ஆனா ஒண்ணு லா, நான் ஓட்டுப் போட்டப்ப ஸ்பீக்கர்ல இருந்துருச்சு. கடையில நின்ன அத்தன பேருக்கும் முடிவு தெரியும். டன்லப் ஸ்திரீட்டுக்கே தெரியும், ஒனக்கு மட்டும்தான் தெரியாது. முனீராகிட்டச் சொல்லிராத."

சற்றுப் பொறுத்து அறுவை மருத்துவர் வந்தார். இளவயதுச் சீனப் பெண். மறுநாள் காலை அறுவை என்றார். பெருவிரலை எடுத்தால் போதும் என்று படம் சொல்கிறது, மேலே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார். சம்மதத் தாளை நீட்டினார்.

மாசிலாமணி அதை வாங்கி முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எடுத்த பிறகும் புண் ஆறாவிட்டால்? உள்ளே மோசமாக இருந்தால் மேலே எதுவரை வெட்டுவீர்கள், அதை என்னை எழுப்பிக் கேட்பீர்களா, நீங்களாகவே வெட்டுவீர்களா? நடக்கும்போது சாயுமா? பதில் சொல்லச் சொல்ல டாக்டர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெருவிரலைத் தாண்டி ஒரு நூல் போவதென்றாலும் என்னை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் என்று மாசிலாமணி பிடிவாதம் பிடித்தார். டாக்டர் யோசித்து, உயிருக்கு ஆபத்து என்றாலொழிய அப்படியே செய்கிறேன் என்று தாளில் எழுதினார். மாசிலாமணி கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் ஊதா மையிட்ட பேனாவை எடுத்து, இடது கணுக்காலில் ஓர் அம்புக்குறி வரைந்தார். அம்பு பெருவிரலைக் காட்டிற்று. காலும் விரலும் மாறிப்போகாமல் இருக்கத்தான் என்று விளக்கினார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார் சுசீலா. எழுந்து போய், கேட்காமலே பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கட்டில் கால்மாட்டில் குனிந்து, அடுத்த விரலின் மேல் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அதற்கடுத்த இரண்டு விரல்களிலும் போட்டார். சுண்டுவிரலில் இடம் போதவில்லை. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போட்டார்.

"இது என்ன?" என்று டாக்டர் திகைத்துப்போய் மாசிலாமணியைக் கேட்டார்.

மாசிலாமணி தலையணையிலிருந்து எக்கி, மனைவி வரைந்திருந்ததைப் பார்த்தார்.

"இவங்க நாலு பேரும் என்கூட வீட்டுக்கு வராங்க டாக்டர்" என்றார்.